கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வட்டியும் விலைவாசியும் அமெரிக்க வரியும் உங்கள் வீட்டுக்குள் வரும் வழி

2022க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு விலைவாசி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, இங்கே 2 சதவீதம் 3 சதவீதம் என்று தொலைக்காட்சியில் பதறுவது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் கனடாவில் வீடு, கார், படிப்பு என்று எல்லாமே கடனில்தான் ஓடுகிறது, அதனால் ஒரு சதவீத மாற்றம்கூட யாரோ ஒருவருடைய மாதத் தவணையாக மாறி, கடைசியில் உங்கள் வாடகையிலும் வேலையிலும் வந்து நிற்கும். அது எந்த வழியாக வருகிறது என்பதை எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் வட்டி. கனடிய மத்திய வங்கியின் இலக்கு பணவீக்கத்தை 2 சதவீதத்தில் வைத்திருப்பது. 2022 ஜூனில் பணவீக்கம் 8.1 சதவீதம்வரை போனது. அதை அடக்க, அந்த ஆண்டின் தொடக்கத்தில் வெறும் 0.25 சதவீதமாக இருந்த தன் வட்டி வீதத்தை வங்கி 2023 ஜூலைக்குள் 5 சதவீதமாக்கியது. பிறகு 2024 ஜூனிலிருந்து படிப்படியாகக் குறைத்து 2025 ஒக்ரோபரில் 2.25க்குக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு எட்டுத் தடவை இந்த அறிவிப்பு வரும். நீங்கள் வங்கியில் கேள்விப்படும் 'பிரைம்' என்பது வங்கிகள் கடன் கொடுக்கும் அடிப்படை வட்டி, பொதுவாக மத்திய வங்கியின் வீதத்துக்கு மேல் 2.2 சதவீதம் சேர்த்தது. மாறும் வட்டிக் கடன்கள் பிரைமோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஐந்தாண்டு நிலையான வட்டி மோட்கேஜ் (வீட்டுக் கடன்) அப்படியல்ல, அது அரசாங்கம் கடன் வாங்க விற்கும் ஐந்தாண்டுப் பத்திரங்களின் சந்தையைப் பார்த்து நகரும், ஆகவே "வட்டி குறைந்துவிட்டது" என்று செய்தி வந்த அதே வாரத்தில் நிலையான வட்டி ஏறினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இங்கே மோட்கேஜ் 25 ஆண்டுக்கு என்றாலும் வட்டி ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்குத்தான், முடிந்ததும் அன்றைய வட்டியில் புதுப்பிக்க வேண்டும். 2021இல் 6 இலட்சம் டொலர் கடனை 2 சதவீதத்தில் எடுத்தவர் மாதம் சுமார் 2,540 டொலர் கட்டியிருப்பார். ஐந்து ஆண்டு கழித்து மீதிக் கடனை 4 சதவீதத்தில் புதுப்பித்தால் அது ஏறக்குறைய 3,040. மாதம் 500 டொலர் கூட, அதுவும் பணவீக்கம் அடங்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லும் நேரத்தில். உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் அந்த நிலையில் இருக்கலாம். அவர் நல்லவராகவும் இருக்கலாம், ஊர்க்காரராகவும் இருக்கலாம், ஆனாலும் அந்த 500 டொலரை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும், முதலில் கண் போவது பேஸ்மென்டில், அதாவது வீட்டின் நிலவறையில், வாடகைக்கு இருப்பவரின் வாடகையில்தான்.

ஆகவே, ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் வாடகைச் சட்டத்தைக் கொஞ்சம் ஊன்றிப் படியுங்கள். 12 மாதத்துக்கு ஒருமுறைதான் வாடகையைக் கூட்டலாம், அதற்கு 90 நாள் முன் எழுத்தில் அறிவித்தல் தர வேண்டும், கூட்டும் அளவுக்கு அரசு ஆண்டுதோறும் உச்சவரம்பு வைக்கிறது: 2025க்கு 2.5 சதவீதம், 2026க்கு 2.1. ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடிவந்த வீடுகளுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது, புதிதாகக் கட்டிய பேஸ்மென்ட்களில் பலவும் அதில் அடங்கும். அதனால் பார்க்கப் போகும்போதே "இந்த யூனிட் எந்த ஆண்டில் கட்டியது, முதல் ஆள் எப்போது குடிவந்தார்" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். சொந்தக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பே உங்களுக்கு இல்லை, அதையும் தெரிந்துகொண்டே போங்கள். முன்பணமாகக் கடைசி மாத வாடகையை மட்டும்தான் கேட்கலாம். ரொறன்ரோவில் புதிய வாடகைகள் 2024, 2025இல் இறங்கின, நிறையக் கொண்டோக்கள் (அடுக்குமாடி வீடுகள்) கட்டி முடிந்ததும் வெளிநாட்டு மாணவர் வருகை குறைந்ததும் காரணம். பேரம் பேச இடம் இருக்கிறது. சொந்தக்காரர் கேட்ட விலைக்கு உடனே தலையாட்ட வேண்டாம்.

அப்புறம் விலைவாசி. பணவீக்கம் 8.1இலிருந்து 2க்கு வந்தால் விலை இறங்கியது என்று அர்த்தமல்ல, ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது, ஏறிய விலை ஏறியபடியே இருக்கும். பழைய ஆட்கள் "நாங்கள் வந்தபோது மாதச் சாப்பாட்டுச் செலவு இவ்வளவுதான்" என்று சொல்லும் கணக்கை வைத்து பட்ஜெட் போடாதீர்கள். ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் விலைவாசியோடு சேர்ந்து ஒக்ரோபர் 1ஆம் திகதி மாறும், 2025இல் அது மணிக்கு 17.60 டொலரானது. ஒக்ரோபருக்குப் பின் வரும் சம்பளத்தில் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்க வரி, அதாவது இறக்குமதிப் பொருட்களுக்குப் போடும் வரி, பற்றி நிறையப் பேர் தவறான பக்கத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். 2025 மார்ச்சில் டிரம்ப் வரி போட்டதும் கனடாவும் பதில் வரி போட்டது, நோ ஃபிரில்ஸ் போன்ற லோப்லா கடைகளில் வரி பட்ட சாமான்களுக்குப் பக்கத்தில் 'டி' என்று அடையாளம்கூட வைத்தார்கள். ஆனால் அந்தப் பதில் வரிகளில் பெரும்பகுதியைக் கனடா செப்டம்பர் 1ஆம் திகதி எடுத்துவிட்டது. நம் கடைகளில் வாங்கும் அரிசிக்கும் மிளகாய்த்தூளுக்கும் அதோடு நேரடித் தொடர்பும் இல்லை. உண்மையான அடி வேலையில்தான். 2024இல் கனடிய ஏற்றுமதியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அமெரிக்காவுக்குப் போனது. உருக்குக்கும் அலுமினியத்துக்கும் அமெரிக்கா ஜூனில் 50 சதவீத வரி வைத்தது, கார்களுக்கு ஏப்ரலிலிருந்து 25. ஹமில்டன், வின்ட்சர், ஒஷாவா, பிராம்ப்டன் பக்கம் கார் ஆலைக்கோ உருக்கு ஆலைக்கோ ஆர்டர் குறைந்தால், அதற்குப் பாகம் செய்யும் சின்னத் தொழிற்சாலையும் பொருளை ஏற்றும் கிடங்கும் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்தவர்களின் ஷிஃப்டைத்தான் முதலில் வெட்டும், புதிதாக வந்தவர்களில் நிறையப் பேர் இருப்பதும் அங்கேதான்.

இதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கையில் காசாக வாங்கும் வேலையை நம்பி இருக்காதீர்கள். வேலை போனால் ஈஐ, அதாவது வேலையிழப்புக் காப்புறுதிப் பணம், கிடைக்க, கடந்த ஓராண்டில் பதிவான வேலை நேரம் பொதுவாக 420 முதல் 700 மணிவரை தேவை, உங்கள் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து அது மாறும். பதிவில்லாத வேலையில் எத்தனை மணி நேரம் நின்றாலும் அது கணக்கில் வராது. சம்பள விபரத் தாள்களைச் சேர்த்து வையுங்கள், வேலை முடியும்போது ஆர்ஓஇ, அதாவது முதலாளி தரும் வேலைப் பதிவு, பதிவானதா என்று கேளுங்கள். காசு முடையென்று, சம்பளம் வரும்வரை அவசரக் கடன் தரும் பே-டே கடைக்கு ஓடவேண்டாம், 100 டொலருக்கு 14 டொலர்வரை கட்டணம், அதுவும் அடுத்த சம்பளத்துக்குள் கட்ட வேண்டும்.

வந்து ஓராண்டுக்குள் "வாடகைக்குக் கொடுக்கும் காசை மோட்கேஜுக்குக் கட்டலாமே" என்று உறவுகள் சொல்லத் தொடங்குவார்கள், அக்கறையில்தான் சொல்கிறார்கள். சரி, கேளுங்கள், ஆனால் கணக்கை நீங்களே போடுங்கள். உங்களுக்குத் தரும் வட்டிக்கு மேல் 2 சதவீதம், அல்லது 5.25 சதவீதம், இரண்டில் எது கூடவோ அதில் உங்களால் கட்ட முடியுமா என்று வங்கிகள் சோதிக்கும். அந்தச் சோதனையை வீட்டில் ஒரு சம்பளத்தை மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஷிஃப்ட் வெட்டும் காலத்தில் இரண்டாவது சம்பளம் நிச்சயமில்லை. அதுவரை முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கு, அதாவது எஃப்எச்எஸ்ஏ, ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 8,000 டொலர், மொத்தம் 40,000 வரை போடலாம், போடும் தொகையை உங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கணக்கைத் திறந்த ஆண்டிலிருந்துதான் அந்த வரம்பு சேரத் தொடங்கும் என்பதால் கையில் காசு இல்லாவிட்டாலும் திறந்து வைப்பது நல்லது. ஆனால் இந்த ஆண்டிலோ முந்தைய நான்கு ஆண்டுகளிலோ ஊரில் உங்கள் பெயரில் இருந்த வீட்டில் குடியிருந்திருந்தால் அதுவும் கணக்கில் வரும், அப்படியானவர்கள் திறப்பதற்கு முன் வங்கியில் அதைச் சொல்லி, எந்த ஆண்டிலிருந்து தகுதி வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.