ஹைஸ்கூல் ஃபுட்பால் மேட்ச்ல டிஃபென்ஸ எப்படி பாக்குறது

பையன் அமெரிக்கன் ஃபுட்பால்ல டிஃபென்ஸ்ல, அதாவது எதிர் டீம தடுக்குற பக்கம் ஆடுறான், ஆனா ஸ்டாண்ட்ஸ்ல உக்காந்தா அவன் என்ன பண்றான்னே புரியலன்னு அமெரிக்காவுல இருக்குற நம்ம அப்பா அம்மா நிறைய பேர் சொல்றாங்க, அவங்களுக்காகத்தான் இது.

முதல்ல சீட்டு. கீழ சைட்லைன் பக்கத்துல வேணாம், மேல போய் உக்காருங்க, அப்பதான் 11 பேரும் ஒண்ணா தெரிவாங்க.

அடிப்படை கணக்கு சின்னதுதான், எதிர் டீமுக்கு 4 சான்ஸ், ஒவ்வொண்ணுக்கும் டவுன்னு பேரு, அதுக்குள்ள 10 யார்டு போகணும். மொத மூணுலயும் நிறுத்திட்டா நாலாவதுல பெரும்பாலும் பந்த உதைச்சு குடுத்துருவாங்க. அதனால மூணாவது டவுன்தான் முக்கியம், அப்ப போன எடுத்து பாக்காதீங்க ப்ளீஸ்.

இப்போ மெயின் விஷயம், பந்த பாக்காதீங்க. எதிர் டீம் லைன்ல, அதாவது முன்னாடி வரிசையா நிக்குறவங்கள்ல, நடுவுல பந்த பின்னாடி குடுக்குற சென்டருக்கு ரெண்டு பக்கமும் நிக்குற கார்டு ரெண்டு பேரோட ஹெல்மெட்ட பாருங்க. ஹெல்மெட் தாழ்ந்து முன்னாடி வந்தா பெரும்பாலும் பந்த எடுத்துட்டு ஓடுவாங்க, நிமிந்து பின்னாடி போனா பாஸ், அதாவது பந்த எறிவாங்க. நம்ம லைனுக்கு பின்னாடி நிக்குற லைன்பேக்கர் பசங்களும் இதத்தான் பாக்குறாங்க, ஒரு செகண்டுல முடிவெடுத்து ஓடணும், நீங்களும் ரெண்டு மூணு மேட்ச் பாத்தா கண்ணு பழகிரும்.

அடுத்தது கேப். லைன்ல ஒவ்வொரு சந்துக்கும் ஒருத்தன் பொறுப்பு. கபடில ரெய்டர் உள்ள வந்ததும் கார்னர்ல இருக்குறவன் அவசரப்பட்டு செயின விட்டுட்டு பாஞ்சா என்ன ஆகும், அந்த ஓட்டை வழியா ரெய்டர் போயிருவான்ல, இங்கயும் அதே கதைதான். ஓரத்துல நிக்குற என்ட், பந்து அந்தப்பக்கம் போகுதேன்னு துரத்திட்டு உள்ள ஓடிட்டான்னா பந்த திடீர்னு எதிர்ப்பக்கம் திருப்புற ரிவர்ஸ் ப்ளே வந்து அவன் விட்ட இடத்துலயே 40 யார்டு போயிரும். சும்மா நிக்குறானேன்னு தோணும், ஆனா அவன் நிக்குறதுதான் அவன் வேலை.

நல்ல டிஃபென்ஸான்னு தெரியணும்னா டாக்கிள், அதாவது பந்து வச்சிருக்குறவன புடிச்சு கீழ தள்ளுறது, முடிஞ்ச இடத்துல நம்ம டீம் ஜெர்சி எத்தன கெடக்குன்னு எண்ணுங்க, நாலஞ்சு பேர் வந்து சேந்திருந்தா டீம் உயிரோட இருக்கு. தலைய குனிஞ்சு ஹெல்மெட்டால முட்டுறானான்னும் பாருங்க, அது கழுத்துக்கு ரொம்ப ஆபத்து, 15 யார்டு பெனால்டியும் கூட, தல நிமிந்து தோள்பட்டையால தான் புடிக்கணும். இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க, கோச்கிட்ட போய் பேசுங்க.

அப்புறம் ஒண்ணு, டிஃபென்ஸ் தனியா ஜெயிக்காது. பந்தோட ஆடுற நம்ம ஆஃபென்ஸ் மூணு ப்ளேல திரும்பி வந்துட்டே இருந்தா மூச்சு வாங்குற பசங்க மறுபடி இறங்கணும், நாலாவது குவார்ட்டர்ல கால் வராது. டீமா சேந்து ஆடுறதுக்கு ஒரு உதாரணம், கலிஃபோர்னியா கான்கார்ட்ல இருக்குற டி லா சால் ஸ்கூல் 1992ல ஆரம்பிச்சு 2004 வரைக்கும் தொடர்ச்சியா 151 மேட்ச் ஜெயிச்சுது, அப்ப அங்க கோச்சா இருந்த பாப் லடூசர் ஒவ்வொரு பையனையும் இந்த வாரம் என்ன பண்ணுவேன்னு ஒரு அட்டையில எழுதி இன்னொரு ப்ளேயர்கிட்ட குடுக்க வச்சாரு. டேலண்ட் மட்டும் இருந்தா இத்தன வருஷம் தாங்குமா சொல்லுங்க.

வீட்டுக்கு வந்ததும் எத்தன டாக்கிள்னு கேக்காதீங்க. நடுவுல ரெண்டு பேர தாங்கி நின்னவன் பேர்ல டாக்கிளே இருக்காது, அவனாலதான் லைன்பேக்கர் ஃப்ரீயா ஓடினான். நிறைய ஸ்கூல்ல மேட்ச் வீடியோவ ஹடுல்ங்குற வீடியோ ஆப்ல ஏத்துவாங்க, பையன போட சொல்லுங்க, சென்டர் பந்த பின்னாடி குடுக்குற ஸ்னாப்புக்கு முன்னாடி வீடியோவ நிறுத்திட்டு "இதுல உன் வேலை என்னடா"ன்னு கேளுங்க, அவனே எல்லாத்தயும் சொல்லிருவான்.