பிளேமிங் கார்ஜுக்குத் தூண்டிலோடு போகிறீர்களா?

கோகனி (நன்னீரிலேயே வாழும் சால்மன் மீன்), லேக் ட்ரவுட் (ஏரி மீன்) இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டுமா? அமெரிக்காவின் பிளேமிங் கார்ஜ் நீர்த்தேக்கம் நல்ல இடம். ஆனால் அது யூட்டா, வயோமிங் இரண்டிலும் நீண்டு கிடக்கிறது. ஒரு மாநிலத்தின் மீன்பிடி உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு படகில் எல்லை தாண்டினால் வம்புதான். மறுபக்கத்துக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். சொந்தப் படகு என்றால், குவாகா சிப்பி (படகில் ஒட்டி வேறு நீர்நிலைகளுக்குப் பரவும் அந்நியச் சிப்பி) ஒட்டியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். கழுவி, நீரை வடித்து, காயவைத்துக் கொண்டுபோங்கள்.

கோகனிக்கு வாய் மெல்லிசு. வெடுக்கென்று இழுத்தால் கொக்கி கிழித்துக்கொண்டு வந்துவிடும். வளைந்து கொடுக்கும் தூண்டில் கம்பு, கொக்கியில் ஒரு வெள்ளைச் சோளமணி, போதும். லேக் ட்ரவுட் கோடையில் ஆழத்துக்குப் போய்விடும். சோனார் (ஒலியலையால் நீருக்கடியில் மீனைக் காட்டும் கருவி) இல்லாமல் தேடுவது வீண். அப்புறம், இலையுதிர் காலத்தில் கோகனி முட்டையிடும் சமயம் அதை வைத்துக்கொள்ளத் தடை உண்டு. தேதி பார்த்து விடுப்பு எடுங்கள்.