கறுப்பினப் பெண்ணியம் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் மேற்கோளிலேயே நடந்துவிடுகிறது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு, பெண்ணுரிமைக்காகப் பேசிய கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத் என்றதும் ‘நான் பெண் இல்லையா?’ என்ற வரியை எடுத்துப் போட்டுவிடுகிறோம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநில அக்ரன் நகரில் அவர் பேசியது 1851 மே மாதம். அடுத்த மாதமே மாரியஸ் ராபின்சன் பத்திரிகையில் அச்சிட்ட வடிவத்தில் அந்த வரியே கிடையாது. 1863-இல் வெள்ளையினப் பெண்ணுரிமையாளர் ஃபிரான்சிஸ் கேஜ் எழுதிய வடிவத்தில்தான் அது முளைக்கிறது, அதுவும் தென்மாநில அடிமைகளின் கொச்சை மொழியில். ட்ரூத்தோ நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, சிறுவயதில் டச்சு பேசி வளர்ந்தவர்! மேற்கோள் காட்டினால் எந்த ஆண்டு வடிவம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’யை, அதாவது இனமும் பாலினமும் குறுக்கிடும் இடத்தில் தனிவகைப் பாகுபாடு உருவாகிறது என்ற கருத்தை, துன்பங்களின் கூட்டல் கணக்காக விளக்குவது அடுத்தது. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் இந்தச் சொல்லை முன்வைத்தபோது கையில் எடுத்தது ஒரு சட்ட ஓட்டையை. ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கைப் பாருங்கள். 1964-க்கு முன் அங்கே கறுப்பினப் பெண்களுக்கு வேலை இல்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற விதி அவர்களைத்தான் துடைத்தெடுத்தது. 1976-இல் நீதிமன்றம் சொன்னது: நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாட்டுக்கு ஏற்கெனவே நடக்கும் வேறொரு வழக்கில் சேருங்கள், இரண்டையும் கலந்து புதுவகை வழக்கு போட முடியாது. எடுக்கப்பட்ட அந்தப் பெண்கள் வெள்ளையர்கள். இந்த வழக்கைச் சொல்லாமல் சொல்லை மட்டும் விளக்கினால் வாசகருக்கு ஒன்றும் பிடிபடாது.

பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான மீடூ இயக்கத்தை நடிகை அலிசா மிலானோவின் 2017 அக்டோபர் ட்வீட்டிலிருந்து தொடங்குவோரும் உண்டு. கறுப்பினச் செயற்பாட்டாளர் தரானா பர்க் அந்தப் பெயரில் வேலையைத் தொடங்கியது 2006-இல்.

இணையச் சான்றுகளில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 2014 ஜூனில் ‘தந்தையர் தினத்தை ஒழிப்போம்’ என்ற ஹேஷ்டேக் பரவியது. கறுப்பினப் பெண்ணியவாதிகள்போல் நடித்து 4சான் என்ற பெயரில்லா இணைய மன்றத்து ஆட்கள் ஓட்டிய போலிக் கணக்குகளின் வேலை அது. அந்தக் கணக்குகளின் செயற்கையான கறுப்பினக் கொச்சையே கறுப்பினப் பெண்ணியவாதி ஷஃபீக்கா ஹட்சனுக்குக் காட்டிக்கொடுத்தது. ‘உள்பாவாடை தெரிகிறது’ (மறைத்தது வெளியே தெரிகிறது) என்ற பொருளில் ஒரு ஹேஷ்டேக் போட்டு, ஒவ்வொன்றாக அவர் அம்பலப்படுத்தினார். 1863-இல் கேஜ் செய்ததும் ஏறக்குறைய இதே ஒட்டுவேலைதான், நோக்கம் மட்டும் வேறு. 2014 காலத்து ட்வீட் எதையும் சான்றாக எடுக்குமுன் கணக்கு தொடங்கிய தேதி, அதன் பழைய பதிவுகள், முகப்புப் படம் எங்கிருந்து வந்தது ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள்.