கோர் டம்ப் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில், சி++ மொழியில் எழுதிய சேவை ஒன்று பத்து நாளைக்கு ஒரு முறை நள்ளிரவுக்கு மேல் விழுந்துவிடும். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உடனே அதை மறுபடி எழுப்பிவிடும். காலையில் லாக்கைத் திறந்தால், நினைவக மீறலைக் குறிக்கும் 'சிக்னல் 11' என்று ஒரே ஒரு வரி. எந்த ஃபங்ஷனில் விழுந்தது, அப்போது மாறிகளில் என்ன மதிப்பு இருந்தது, எதுவும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய கோர் கோப்பு டிஸ்கில் எங்குமே இல்லை. ஏதோ ஓர் அமைப்பை மாற்றிவிட்டு அடுத்த தடவைக்குக் காத்திருந்தோம். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவைதான் கிடைத்தது. கிடைத்த அன்று மதியத்துக்குள் பிழையைப் பிடித்துவிட்டோம். பிழை சின்னதுதான். ஒரு மாதத்தைத் தின்றது, அதைப் பிடிக்க வைத்திருந்த வலையில் இருந்த ஓட்டைகள்.

அந்த ஓட்டைகள் பெரும்பாலும் எல்லோர் சர்வரிலும் இருப்பவை. இங்கே லினக்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கோர் டம்ப் என்பது, ஒரு நிரல் விழும் கணத்தில் அதன் நினைவகம், ரிஜிஸ்டர்கள் (சிபியூவின் உள் சேமிப்பிடங்கள்), ஒவ்வொரு த்ரெடின் (நிரலுக்குள் ஓடும் தனி ஓட்டத்தின்) ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற அடுக்கு) ஆகியவற்றை, இயங்குதளத்தின் மையமான கெர்னல் அப்படியே கோப்பாக எழுதி வைப்பது. நினைவகத்தைச் சின்னச் சின்னக் காந்த வளையங்களைக் கோத்துச் செய்த காலத்திலிருந்து வந்த பெயர் 'கோர்'. வளையங்கள் போய்விட்டன, பெயர் நின்றுவிட்டது.

முதல் தவறு, கோர் தானாகவே எழுதப்படும் என்று நம்புவது. பல லினக்ஸ் விநியோகங்களில், நீங்கள் லாகின் செய்து கட்டளை கொடுக்கும் ஷெல்லில் கோர் கோப்பின் அளவு வரம்பு 0. அதாவது எழுதவே வேண்டாம் என்று பொருள். இதைப் படித்தவுடன் பலர் டெர்மினலில் யூலிமிட் கட்டளையைக் கொடுத்து வரம்பை நீக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். அந்த மாற்றம் அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து கிளம்பும் நிரல்களுக்கும் மட்டுமே செல்லும். சிஸ்டம்டி எழுப்பும் சேவைக்கும் உங்கள் ஷெல்லுக்கும் எந்த உறவும் இல்லை. லாகின் செய்பவர்களுக்கு வரம்பு வைக்கும் லிமிட்ஸ் டாட் கான்ஃப் கோப்பில் எழுதினாலும் அதே கதைதான், சேவைகள் அந்த வழியாக வருவதில்லை. சேவையை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் கோப்பில் 'லிமிட்கோர்' என்ற வரியைச் சேர்த்து, மதிப்பை 'இன்ஃபினிட்டி' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அப்புறம் ஊகத்தை விட்டுவிட்டு, கெர்னல் தகவல்களைக் காட்டும் ப்ராக் (/proc) கோப்பகத்தில் அந்த ப்ராசஸின் (ஓடும் நிரலின்) எண்ணுக்குள் போய் 'லிமிட்ஸ்' என்ற கோப்பைப் படியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு உண்மையில் என்ன வரம்பு என்பதை கெர்னலே அங்கே சொல்லும்.

வரம்பு சரி, ஆனால் கோர் எங்கே போகும்? அதை முடிவு செய்வது கெர்னலின் 'கோர் பேட்டர்ன்' என்ற ஒரே ஒரு வரி. எங்களுடைய இரண்டாவது பத்து நாள் இங்கேதான் போனது. அந்த வரியில் வெறும் கோப்புப் பெயர் இருந்தால், நிரல் அப்போது எந்தக் கோப்பகத்தில் நிற்கிறதோ அங்கே கோர் எழுதப்படும். பின்னணிச் சேவைகள் பெரும்பாலும் ரூட் கோப்பகத்தில் நிற்கும், அங்கே எழுத அவற்றுக்கு உரிமை இருக்காது. கோர் சத்தமில்லாமல் காணாமல் போகும். சரி என்று முழுப் பாதை கொடுத்தால், அந்தக் கோப்பகம் முன்கூட்டியே இருக்க வேண்டும், கெர்னல் அதை உருவாக்கித் தராது. சேவை ஓடும் பயனருக்கு அங்கே எழுதும் உரிமையும் வேண்டும். பெயரில் ப்ராசஸ் எண்ணையும் நேரத்தையும் சேர்க்கும் குறிகளைப் போடாவிட்டால் புதிய கோர் பழையதை அழித்துவிடக்கூடும். முதலில் விழுந்ததன் கோர்தான் பெரும்பாலும் உண்மையான தடயம். அதை இழக்கக் கூடாது.

அந்த வரி குழாய்க் குறியோடு (|) தொடங்கினால் கதை வேறு. கெர்னல் கோப்பு எதையும் எழுதாமல், கோரை இன்னொரு நிரலுக்குள் ஊற்றுகிறது. பல விநியோகங்களில் அந்த நிரல் சிஸ்டம்டி-கோர்டம்ப், உபுன்டுவில் ஆப்போர்ட். உபுன்டுவில் அடிக்கடி பார்க்கும் குழப்பம் ஒன்று உண்டு. நாமே தொகுத்து நிறுவிய பைனரி (ஓடக்கூடிய நிரல் கோப்பு) விழுந்தால், அது எந்தப் பேக்கேஜையும் சேர்ந்தது இல்லை என்று தன் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு ஆப்போர்ட் அறிக்கை எதுவும் போடாமல் விட்டுவிடும். அந்த லாக்கைத் திறந்து பார்க்காதவர் நாள் கணக்கில் தேடிக்கொண்டிருப்பார். இன்னொன்று, கோர் பேட்டர்னை ப்ராக் வழியாக மாற்றினால் அது அடுத்த ரீபூட் வரைதான். நிலையாக வேண்டுமென்றால், கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்சிடிஎல் கோப்பகத்தில் எழுதுங்கள். ஆப்போர்ட் சேவை பூட் ஆகும்போது அதையும் மாற்றிவிடும் என்பதால், ஆப்போர்ட்டை நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

ஒரே சர்வரில் நிரல்களைப் பிரித்து ஓட்டும் கன்டெய்னர்களில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. கன்டெய்னருக்குத் தனி கெர்னல் கிடையாது. கோர் பேட்டர்ன் ஹோஸ்ட் (கன்டெய்னர்கள் ஓடும் சர்வர்) முழுமைக்கும் ஒன்றே ஒன்று, கன்டெய்னருக்கு ஒன்றாக வைக்க முடியாது. அதில் கோப்புப் பாதை இருந்தால், விழுந்த ப்ராசஸ் பார்க்கும் கோப்பு முறைமையில், அதாவது கன்டெய்னருக்குள்ளேயே, கோர் எழுதப்படும். கன்டெய்னரை நீக்கியதும் அதுவும் அழியும். வெளியிலிருந்து ஒரு வால்யூமை (சேமிப்பிடத்தை) அந்தப் பாதையில் இணைத்திருந்தால் பிழைத்தது. குழாய்க் குறி இருந்தால், வாங்கிக்கொள்ளும் நிரல் ஹோஸ்டில் ஓடும், கோரும் ஹோஸ்டிலேயே சேரும். கன்டெய்னர் இமேஜுக்குள் எவ்வளவு கவனமாக அமைத்தாலும் ஹோஸ்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பேசாமல் இந்த வேலை முடியாது.

கோர் வரவே வராத இடத்தில் அதைத் தேடிக்கொண்டிருப்பதும் நேரத்தைத் தின்னும் தவறு. நிரல் 139 என்ற எண்ணோடு வெளியேறினால் அது 128 கூட்டல் 11, அதாவது நினைவக மீறல். கோரை எதிர்பார்க்கலாம். 137 என்றால் 128 கூட்டல் 9. வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் நினைவகம் தீர்ந்ததால் கெர்னலே. சிக்னல் 9 கோர் எழுதாது. அங்கே பார்க்க வேண்டியது கெர்னல் லாக்கை. சில நிரல்களில் சிக்னல் 11-ஐத் தாங்களே பிடித்து, 'ஏதோ தவறு' என்று ஒரு வரி எழுதிவிட்டு அமைதியாக வெளியேறும் நிரல்வரிகள் இருக்கும். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார், ஆனால் தடயம் போய்விடும். பிடித்தே ஆக வேண்டுமென்றால், லாக் எழுதிய பின் சிக்னலை அதன் இயல்பு நிலைக்குத் திருப்பி, மறுபடி தனக்கே அனுப்பிக்கொள்ளச் செய்யுங்கள்.

இதையெல்லாம் அமைத்த பின் சோதிக்காமல் விடுவதைத்தான் நான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறாக நினைக்கிறேன். சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். சோதனைச் சூழலில் உங்கள் சேவையை, அதே பயனர், அதே யூனிட் கோப்போடு ஓடவிட்டு, சிஸ்டம்டியின் சிஸ்டம்சிடிஎல் கட்டளை வழியாக சிக்னல் 11-ஐ அனுப்புங்கள். கோர் வந்ததா, முழுதாக வந்ததா, டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) திறக்கிறதா என்று பாருங்கள். ஷெல்லிலிருந்து 'ஸ்லீப்' கட்டளையைக் கொன்று பார்ப்பது போதாது. உங்கள் சேவையின் வரம்புகளும் உரிமைகளும் அதற்கு இல்லை.

சேமிப்புக்கு வருவோம். 6 ஜிபி நினைவகம் பிடித்திருக்கும் சேவை நிமிடத்துக்கு ஒரு முறை விழுந்து எழுந்தால், ஒரு மணி நேரத்தில் 360 ஜிபி வரை கோர் எழுதப்படலாம். டிஸ்க் நிறைந்ததும் பக்கத்தில் ஒழுங்காக ஓடிய டேட்டாபேஸும் நின்றுவிடும். கோர்களுக்குத் தனிப் பார்ட்டிஷன் கொடுப்பது நல்லது. சிஸ்டம்டி-கோர்டம்ப் இந்த விஷயத்தில் கவனமானது. அதன் இயல்பு அமைப்பில், கோர்கள் டிஸ்கில் 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்காமலும் 15 சதவீதம் காலியாக இருக்கும்படியும் பழையவற்றை நீக்கும். ஆனால் அதே கவனம் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். பழைய பதிப்புகளில் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோர் முழுதாகச் சேமிக்கப்படாது. நாள்பட்ட கோர்களும் தானாக நீக்கப்படும். வெள்ளிக்கிழமை விழுந்ததை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால் அது இல்லாமல் போகலாம். தேவையான கோரை அன்றே வேறிடத்துக்கு எடுத்து வையுங்கள். நகலெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோர் கோப்புகளில் நிறைய வெற்றிடம் இருக்கும், சாதாரணமாக நகலெடுத்தால் அந்த வெற்றிடமும் டிஸ்கைப் பிடிக்கும். சுருக்கிவிட்டு அனுப்புங்கள்.

கோர் கிடைத்தும் படிக்க முடியாமல் போவது இன்னொரு கொடுமை. டீபக்கரில் திறந்தால் ஃபங்ஷன் பெயர் வர வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். காரணம், வெளியீட்டுக்கு அனுப்பிய பைனரியிலிருந்து சிம்பல்களை (ஃபங்ஷன், மாறிப் பெயர்களை) உரித்துவிட்டு, உரித்ததை எங்கும் வைக்காமல் எறிந்துவிட்டது. அதே சோர்ஸிலிருந்து மறுபடி தொகுத்தால் போதும் என்று தோன்றும். கம்பைலர் பதிப்போ ஒரு லைப்ரரியோ மாறியிருந்தாலே முகவரிகள் நகர்ந்துவிடும், டீபக்கர் தவறான வரியைக் காட்டும். தவறான வரி கேள்விக்குறியை விட மோசம், ஏனென்றால் நாம் அதை நம்பிவிடுவோம். ஒவ்வொரு வெளியீட்டிலும் டீபக் தகவலைத் தனிக் கோப்பாகப் பிரித்து, பில்ட் ஐடி என்ற அடையாள எண்ணோடு சேமித்து வையுங்கள். அந்த எண் பைனரியிலும் இருக்கும், கோரிலும் பொதுவாகப் பதிவாகும், அதனால் எது எதற்கு உரியது என்று பொருத்திவிடலாம். விழுந்த சர்வரில் இருந்த அதே சி லைப்ரரியும் வேண்டும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது உதவாது.

கடைசியாக, கோரை வெறும் குப்பைக் கோப்பு போல நடத்துவது. நிரலின் நினைவகத்தில் இருந்த கடவுச்சொல், டிஎல்எஸ் சாவி (இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் சாவி), வாடிக்கையாளரின் விவரம் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். 2023-இல் ஸ்டார்ம்-0558 என்று அழைக்கப்பட்ட ஊடுருவல் குழு, மைக்ரோசாஃப்டின் கையொப்பச் சாவி ஒன்றைக் கொண்டு அமெரிக்க அரசு அலுவலகங்கள் உட்படப் பலரது மின்னஞ்சலைத் திறந்தது. 2021-இல் ஒரு க்ராஷ் டம்பில் அந்தச் சாவி சிக்கி, இணையத்தோடு இணைந்த டீபக் சூழலுக்கு நகர்ந்திருக்கலாம் என்று அந்த நிறுவனம் 2023 செப்டம்பரில் சொன்னது. சாவி இருக்கும் அப்படிப்பட்ட டம்ப் எதுவும் கிடைக்கவில்லை என்று 2024 மார்ச்சில் திருத்தியது. உண்மையில் எப்படிப் போனதோ, அப்படியும் போயிருக்க முடியும் என்று அவர்களே கருதினார்கள் என்பதைக் கவனியுங்கள். 2025 மே மாதம் க்வாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஆப்போர்ட், சிஸ்டம்டி-கோர்டம்ப் இரண்டிலும் ஓட்டை கண்டுபிடித்தது. அதைப் பயன்படுத்தி ஒரு சாதாரணப் பயனர், கடவுச்சொல் ஹாஷ்கள் இருக்கும் கோரைப் படித்துவிட முடிந்தது. ஆகவே இந்தக் கருவிகளையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். கோர்களை ரூட் மட்டும் படிக்கும்படி வையுங்கள். சாவிகள் இருக்கும் நினைவகப் பகுதியை டம்பில் சேர்க்க வேண்டாம் என்று கெர்னலிடம் நிரலே சொல்ல முடியும், லினக்ஸ் 3.4 முதல் அந்த வசதி இருக்கிறது. வெளியாட்களிடம் உதவி கேட்கும்போது முழுக் கோரை அனுப்பாமல், ஸ்டாக் பட்டியலை மட்டும், அதையும் ஒரு முறை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

விழாமல் உறைந்து நிற்கும் நிரல்களும் உண்டு. பதற்றத்தில் எல்லோரும் உடனே ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள், எந்தப் பூட்டில் (lock) எந்த த்ரெட் மாட்டிக்கொண்டது என்பது அதோடு போய்விடும். ஜிடிபி டீபக்கரோடு வரும் ஜிகோர் கருவிக்கு ப்ராசஸ் எண்ணைக் கொடுத்தால், நிரலைக் கொல்லாமலே கோர் எடுத்துத் தரும். எழுதி முடியும் வரை நிரல் நின்றிருக்கும், அவ்வளவுதான். முதலில் அதை எடுங்கள், அப்புறம் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.