ஜவ்வு கிழிவதற்கு முன்னால், படியிலிருந்து ஒரு குதி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் திருவிழாக் கபடி பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். பாடிப் போன பையன் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுச் சட்டென்று திரும்புவான், யாரும் அவன்மேல் கைகூட வைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடப்பான். எங்கள் அணியில் இரண்டு பேருக்கு இப்படித்தான் முழங்காலுக்குள் இருக்கிற ஏசிஎல் என்ற ஜவ்வு போனது. முழங்காலில் பலமில்லை என்றார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. இடுப்பு தாங்காததும் பாதம் தப்பாக ஊன்றுவதும்தான் பல நேரம் முழங்கால் தலையில் விடிகிறது.

கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல், திருகிக்கொள்ளாமல் பிடித்து வைப்பது ஏசிஎல்லின் வேலை. கால் மடங்காமல் விறைப்பாக இறங்கி, பாதம் தரையில் பதிந்து நிற்க, முழங்கால் உள்பக்கம் சாய்ந்து, உடம்பு வேறு பக்கம் போனால் அது தாங்காது. பாதம் பட்ட 50 மில்லி நொடிக்குள் பெரும்பாலும் கிழிந்தே விடும். அந்த நேரத்தில் யோசித்துத் திருத்த முடியாது, முன்கூட்டியே உடம்பைப் பழக்கியிருக்க வேண்டும்.

சரி, கால் ஒழுங்காக இறங்குகிறதா என்று எப்படிச் சோதிப்பது? வீட்டு வாசலில் ஓர் அடி உயரப் படி போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் வேண்டாம், வழுக்கும். செம்மண் தரையில் குதிக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் ஊன்றிக் குதித்து, உடனே மேலே எம்ப வேண்டும். ஒருவர் முழங்கால் உயரத்தில் போனைப் பிடித்து முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஸ்லோமோஷனில் எடுக்கட்டும். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிப் போகிறதா, கால் மடங்காமல் டொம்மென்று இறங்குகிறதா என்று பாருங்கள். பெண் பிள்ளைகளைக் கட்டாயம் சோதியுங்கள். கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் அவர்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்.

முழங்கால் உள்ளே போனால் புட்டத்தின் பக்கவாட்டுத் தசைக்கு வேலை கொடுங்கள்: ஒருக்களித்துப் படுத்துக் கால் தூக்குவது, சைடு பிளாங்க் (ஒரு முழங்கையை ஊன்றி உடம்பைப் பக்கவாட்டில் நேராகத் தூக்கிப் பிடிப்பது), கண்ணாடி முன்னால் ஒற்றைக்கால் ஸ்குவாட் (ஒரே காலில் உட்கார்ந்து எழுவது). அப்புறம் பின்தொடை. முன்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கும்போது பின்னால் இழுத்துப் பிடிப்பது இதுதான், ஆனால் நம் பையன்கள் முன்தொடையை மட்டும் ஏற்றிக்கொண்டு இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மண்டியிட்டு நிற்க, நண்பன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முதுகு வளையாமல் மெதுவாக முன்னால் சாயுங்கள், ஐந்து தடவை போதும். கடைசியாக, சத்தம் வராமல் குதித்து இறங்குவது, திரும்பும் முன் இரண்டு மூன்று சின்ன அடி வைத்து வேகத்தைக் குறைப்பது. கால்பந்துக்கு பிஃபா 11+ என்ற 20 நிமிட வார்ம்-அப்பே இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், சீசன் முழுக்கச் செய்ய வேண்டும்.

இதையும் மீறி 'டக்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் போய் எம்ஆர்ஐ எடுங்கள். ஆபரேஷன் ஆனால் ஒன்பது மாதமாவது களத்துக்குப் போகக் கூடாது, அடுத்த திருவிழா ஆட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும்.