டீ குடித்தால் பாவமா? கிறிஸ்தவ வீடுகளில் நடக்கும் சில தவறுகள்

நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. மனைவி வீட்டார் கத்தோலிக்கர்கள். சின்ன மாமனார் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதன் நெருங்கினால் போதும், எங்கள் வீட்டில் மூன்று விதமான டீச் சட்டம் அமலுக்கு வந்துவிடும். ஒருவருக்கு டீ உபவாசத்தை முறிக்காது, இன்னொருவருக்கு முறிக்கும், மூன்றாமவருக்கு டீயே ஒரு லாகிரி, போதைப் பொருள். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு அடிவாரம் போகிற வழியில் எந்தக் கடை வாசலில் காரை நிறுத்தினாலும் இந்தச் சண்டை பின்சீட்டிலிருந்து ஆரம்பமாகும்.

கிறிஸ்தவர் டீ குடிக்கலாமா என்றால், குடிக்கலாம். அதற்கு ஒரு வரி போதும். ஆனால் 'குடிக்கலாம்' என்பதற்கும் 'கூடாது' என்பதற்கும் நாம் சொல்லும் காரணங்கள் இருக்கின்றனவே, தவறெல்லாம் அங்கேதான்.

வசனத்தில் டீயைத் தேடுவது

வேதாகமத்தில் டீ இல்லை. இருக்கவும் வழியில்லை. அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு நிருபங்கள், அதாவது கடிதங்கள், எழுதிய காலத்தில் தேயிலை சீனத்துச் சரக்கு. ஐரோப்பாவுக்கு அது கப்பலேறிப் போனதே 17ஆம் நூற்றாண்டில்தான். டீயைப் பற்றிய வசனம் கிடைக்காதபோது பலர் மதுபானத்தைப் பற்றிய வசனத்தை எடுத்து டீயின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

"டீ இலையைப் புளிக்க வைக்கிறார்கள், கள்ளும் புளித்ததுதானே" என்று ஒரு ஜெபக்கூட்டத்தில் பேசக் கேட்டிருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையிலேயே அதை 'ஃபெர்மெண்டேஷன்' என்று சொல்வதால் வந்த குழப்பம் இது. அங்கே நடப்பது வேறு. நசுங்கிய இலை காற்றுப்பட்டுக் கறுக்கிறது. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இப்படித்தான். அதில் போதை ஏற்றும் எதுவும் உண்டாவதில்லை. இந்தியாவுக்கே முன்னோடியாக 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில். கள்ளுக்கடைகள் மூடின. டீக்கடையை மூடு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

"உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்" என்பதும் இப்படித்தான் இழுபடுகிறது. அந்த இடத்தில், 1 கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தில், பவுல் பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. உடம்பைப் பேண வேண்டும் என்பதற்கு அதை எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் டீயை வேண்டாம் என்று தள்ளிவிட்டு மூன்று ஜாங்கிரி சாப்பிடுகிறவர் அந்த வசனத்தைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. "வாய்க்குள்ளே போகிறது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது" என்று மத்தேயு 15ஐக் காட்டிவிட்டு ஆறாவது டீக்குக் கை நீட்டுவார்கள். அங்கே பேச்சு கைகழுவாமல் சாப்பிடுவது தீட்டா என்பதைப் பற்றியது. அல்சர்காரருக்கு அது மருத்துவச் சான்றிதழ் ஆகாது.

சாமி படம் மாட்டிய கடை

ஆடி மாதம் வந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் சேலமே திளைக்கும். டீக்கடைகளில் வேப்பிலை தொங்கும், படத்துக்கு மாலை விழும். சாதாரண நாளிலும்கூட பல கடைகளில் காலையில் பாய்லருக்கு ஊதுபத்தி காட்டுவார்கள், முதல் டீயை ரோட்டில் ஊற்றுவார்கள். "படைத்ததில் மிச்சம்தானே நமக்கு வருகிறது, எப்படிக் குடிப்பது?" என்று சிலருக்கு உண்மையாகவே மனம் உறுத்துகிறது. அந்த உறுத்தலை நான் கேலி செய்யமாட்டேன். கொரிந்து சபையாரும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள்.

அந்த ஊரில் விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி சந்தைக்கும் விற்பனைக்கு வந்தது. 1 கொரிந்தியர் 10:25இல் பவுலின் பதில் நேரானது: கடையில் விற்கிற எதையும் வாங்கிச் சாப்பிடுங்கள், மனச்சாட்சிக்காக எதையும் விசாரிக்க வேண்டாம். அடுத்த வசனத்தில், பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையது என்று காரணமும் சொல்கிறார். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்து, உங்களுக்கும் போக மனமிருந்தால், முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். "இது படைத்தது" என்று யாராவது எடுத்துச் சொன்னால் மட்டும், அப்படிச் சொன்னவரின் மனச்சாட்சியை முன்னிட்டு விட்டுவிடச் சொல்கிறார். கோயிலுக்குள் உட்கார்ந்து படையல் விருந்தில் கலந்துகொள்வதை அவர் அனுமதிக்கவில்லை, அது வேறு கதை. பன்னிரண்டு ரூபாய் கொடுத்து வாங்கும் டீ எந்தப் பக்கம் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பக்கத்து வீட்டு அக்கா பண்டிகை நாளில் டீ கொடுத்தால், "படைச்சதாக்கா?" என்று வாசலில் நின்று விசாரணை நடத்துவது பெரிய தவறு. பவுலே விசாரிக்க வேண்டாம் என்று சொன்னதை நாம் விசாரிக்கிறோம். அதோடு அந்த அக்காவின் மனமும் சுருங்கிப்போகிறது.

உபவாசக் கணக்கு

கத்தோலிக்க வீடுகளில் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முன் இருக்கும் நோன்பு ஒன்று, சாம்பல் புதனும் புனித வெள்ளியும் இருக்கும் நோன்பு இன்னொன்று. முதலாவதில் டீ கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் மட்டுமே அனுமதி. ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஒரு மணி நேரம்தான், அதையும் நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல. ஏழு மணிப் பூசையில் நற்கருணை ஏழே முக்காலுக்கு என்றால், ஆறரைக்கு ஒரு டீ குடித்ததில் தவறில்லை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டாயமும் கிடையாது. மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் எண்பது வயதுப் பாட்டியை வெறும் வயிற்றோடு கோயிலுக்குக் கூட்டிப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டி மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். அவர் சிறுமியாக இருந்தபோது நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. 1957இல் அது சில மணி நேரமாகச் சுருங்கியது, 1964இல் ஒரு மணி நேரமானது. பழகிய வயிறு சட்டம் மாறியதை ஏற்பதில்லை.

இரண்டாவது நோன்பு 18 வயதிலிருந்து 59 வரை உள்ளவர்களுக்கு. ஒரு முழுச் சாப்பாடு, அது தவிர இரண்டு சிறு உணவு. இடையில் குடிக்கும் டீ அந்த நோன்பை முறிக்காது என்பதே பொதுவான வழக்கம். டீயோடு தட்டுவடை செட் சேர்ந்தால் முறியும். சேலத்துக்காரருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சி.எஸ்.ஐ.யில் இப்படி எழுதிவைத்த கணக்கு இல்லை. லெந்து நாட்களில் டீயை விடுவதாகப் பலர் தாங்களே பொருத்தனை செய்துகொள்கிறார்கள். பெந்தெகொஸ்தே உபவாச ஜெபத்தில் தண்ணீர் மட்டுமா, டீயும் உண்டா என்பதைப் பாஸ்டர் முன்பே அறிவித்துவிடுவார். யார் எந்த உபவாசத்தில் இருக்கிறார் என்று கேட்காமல், நம் சபைச் சட்டத்தை அவர் தம்ளரில் ஊற்றுவதுதான் தவறு.

தினமும் நாலைந்து டீ குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், மறுநாளுக்குள் தலை விண்விண் என்று தெறிக்கும். இரண்டாம் நாள் இன்னும் மோசமாகும், தூக்கமும் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். இதைப் பிசாசின் தாக்குதல் என்று சொல்லி எண்ணெய் பூசி ஜெபித்ததை நானே பார்த்திருக்கிறேன். டீயில் இருக்கும் காஃபீன் உடம்புக்குக் கிடைக்காததால் வரும் வலி அது. சில நாளில் தானாக அடங்கும். லெந்துவுக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு டீயாகக் குறைத்து வந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இருக்காது. கூடவே ஜெபிக்கலாம், யார் வேண்டாம் என்றது?

குடிக்காதவரைக் கேலி செய்வது

செவன்த்டே அட்வென்டிஸ்ட் சபையின் முன்னோடி எலன் ஒயிட், டீ காபி இரண்டையும் கடுமையாக எதிர்த்து எழுதினார். இன்றும் அந்தச் சபையில் பலர் இரண்டையும் தொடுவதில்லை. மார்மன் சபையில் 1833 முதல் 'சூடான பானங்கள்' விலக்கு, அதை டீயும் காபியும் என்று பொருள்கொள்கிறார்கள். இதெல்லாம் அந்தந்தச் சபையின் ஒழுங்கு. எல்லாக் கிறிஸ்தவருக்குமான கட்டளையாக அதை நீட்டுவது தவறு, "ஒரு வாய் குடிங்க, ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்துவதும் தவறு. குடிப்பவர் குடிக்காதவரை அற்பமாக எண்ண வேண்டாம், குடிக்காதவர் குடிப்பவரைத் தீர்ப்பிட வேண்டாம் என்ற பொருளில்தான் ரோமர் 14 போகிறது. வந்தவருக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தால் விஷயம் முடிந்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜான் வெஸ்லி. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். வருடக்கணக்காக டீ குடித்தவர் 1746இல் அதை விட்டார், 1748இல் அதைப் பற்றி ஒரு நீண்ட கடிதமே அச்சிட்டார். கை நடுங்குகிறது என்பது ஒரு காரணம். மிச்சமாகும் காசில் ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. பிற்பாடு அவரே மறுபடி டீ குடித்தார், அதனால் அவருடைய விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. லெந்துவில் டீயை விடுகிறவர்கள் அந்த இரண்டாவது காரணத்தைத்தான் மறந்துவிடுகிறோம். நாளுக்கு மூன்று டீ, ஒன்று 12 ரூபாய் என்றால் 40 நாளில் 1,440 ரூபாய். அந்தக் காசு எங்கே போயிற்று என்று போன வருடம் என்னையே கேட்டுக்கொண்டேன். பெட்ரோலுக்குப் போயிருந்தது.

தம்ளர்

டீயைப் பற்றி இவ்வளவு ஆராய்கிற நாம், தம்ளரைப் பற்றி வாயே திறப்பதில்லை. தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை நடந்தது, நடக்கிற ஊர்களும் இருக்கின்றன. தலித்துகளுக்குத் தனித் தம்ளர், அதை அவர்களே கழுவி வைக்க வேண்டும். 1955இலேயே சட்டம் இதைக் குற்றமாக்கிவிட்டது. அப்படிப்பட்ட கடையில் நின்று, படையலா இல்லையா என்று மட்டும் யோசித்துக் குடித்துவிட்டு வருகிற கிறிஸ்தவர் தவறான கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

அந்தியோகியாவில் இயேசுவின் சீடர் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யூத ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்பாகவும் கண்டித்தார் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. நம் நாட்டுக்கு வந்த மிஷனரிகளும் சாதிப் பந்தி விஷயத்தில் தடுமாறியவர்கள்தான். கடைசியில் 1850இல் மெட்ராஸில் கூடிய மாநாடு, சக கிறிஸ்தவரோடு சேர்ந்து உண்ண மறுப்பவருக்குச் சபையில் இடமில்லை என்ற நிலைக்கு வந்தது.

அதற்குப் பிறகும் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், வந்தவர்களுக்கு எவர்சில்வர் தம்ளரிலும், நாற்காலி தூக்கி வந்த பையனுக்குப் பேப்பர் கப்பிலும் டீ வந்ததைப் பார்த்தேன். "தம்ளர் பத்தலை" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டுக் குடித்தேன். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கூட்டம் என்றால் எண்ணிப் பார்த்துவிடுவோம். தம்ளர் எல்லோருக்கும் வராது என்றால், ஆயர் உட்பட எல்லோருக்கும் பேப்பர் கப்.