காட்டில் இலவசமாகக் கூடாரம் போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

அமெரிக்காவில் கோடை விடுமுறைக்கு யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் பக்கம் போக நினைக்கும் குடும்பங்கள் முதலில் முட்டிக்கொள்வது கேம்ப்கிரவுண்ட் முன்பதிவில்தான். பல இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும், திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்தும் விடும். ஆனால் அந்தப் பூங்காக்களை ஒட்டியே, பதிவும் கட்டணமும் இல்லாமல் தங்கக்கூடிய காடு ஏராளமாக இருக்கிறது. வனத்துறையின் கீழ் 154 நேஷனல் ஃபாரஸ்டுகள் உள்ளன. புல்வெளிகளையும் சேர்த்தால் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 19 கோடி ஏக்கர். இவற்றில் பெரும்பாலான இடங்களில், கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கலாம். இதைத்தான் டிஸ்பெர்ஸ்டு கேம்பிங் என்கிறார்கள். மேசை, குழாய், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது.

இது பொதுமக்களுக்குக் கிடைத்திருக்கும் அருமையான உரிமை. அதில் சிக்கல் வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: காட்டை நிர்வகிப்பவர்கள் வெளியிட்டிருக்கும் வரைபடத்தையும் உத்தரவையும் பார்க்காமல், ஆப்பில் யாரோ குத்திவைத்த இடக்குறியை, அதாவது 'பின்'னை, மட்டும் நம்பிக் கிளம்புவது.

பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒரே காடு இல்லை

கூகுள் மேப்பில் நேஷனல் பார்க், நேஷனல் ஃபாரஸ்ட், மாநிலப் பூங்கா எல்லாமே பச்சைதான். ஆனால் விதிகள் வேறு வேறு. நேஷனல் பார்க் உள்துறையின் கீழ் வருவது. அங்கே காரை ஓரம் கட்டிவிட்டு நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. நேஷனல் ஃபாரஸ்ட் வேளாண்துறையின் கீழ் வருவது, அங்கே பெரும்பாலும் முடியும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே உதவும். பூங்காவின் வாசலுக்கு வெளியே டுசயான் ஊரை ஒட்டியே கைபாப் காடு தொடங்குகிறது. அங்கே ஃபாரஸ்ட் ரோடு 302 பக்கம் பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவில் இலவசமாகத் தங்கிவிட்டு, காலையில் பூங்காவுக்குள் போகலாம். அரிசோனாவில் மாநில டிரஸ்ட் நிலம் என்று இன்னொரு வகை உண்டு. பார்க்க அதே காடு, அதே மண் ரோடுதான், ஆனால் அங்கே தங்கத் தனி பெர்மிட் வாங்க வேண்டும்.

நேஷனல் ஃபாரஸ்ட் எல்லைக்குள்ளேயே தனியார் நிலமும் இருக்கும். கலிஃபோர்னியாவின் டாஹோ காட்டு வரைபடத்தைப் பாருங்கள், சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் விட்டுக் கட்டம் நிறம் மாறும். 19-ம் நூற்றாண்டில் ரயில்பாதை போட்ட கம்பெனிகளுக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் என்று நிலம் கொடுத்ததன் மிச்சம் அது. வேலியோ போர்டோ இல்லை என்பதற்காக அது பொது நிலம் ஆகிவிடாது. ஆஃப்லைனில் நில உரிமையைக் காட்டும் ஆப் ஒன்று போனில் இருப்பது நல்லது. கயா, ஆன்எக்ஸ் இரண்டிலும் அந்த வசதி உண்டு.

கிழக்குப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இப்படிப்பட்ட நிலம் மேற்கில்தான் அதிகம். நியூ ஜெர்சியில் நேஷனல் ஃபாரஸ்டே கிடையாது. விர்ஜீனியாவின் ஜார்ஜ் வாஷிங்டன் காடு, மேற்கு விர்ஜீனியாவின் மொனொங்கஹேலா, வட கரோலினாவின் பிஸ்கா என்று கொஞ்சம் வண்டி ஓட்டித்தான் ஆக வேண்டும். டெக்சஸ்காரர்களுக்கு சாம் ஹூஸ்டன் காடு பக்கம்தான், ஆனால் மான் வேட்டைக் காலத்தில் அங்கே குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே தங்கலாம்.

பழைய பின், பழைய விமர்சனம்

ஐஓவர்லேண்டர், ஃப்ரீரோம் மாதிரி ஆப்கள் இடம் தேட உதவும். ஆனால் அதில் 2019-ல் ஒருவர் "சூப்பர் இடம்" என்று எழுதியிருந்தால், அது 2019-ன் செய்தி. அரிசோனாவின் செடோனா ஊருக்கு மேற்கே ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் எங்கும் தங்கினார்கள். கூட்டம் அதிகமாகி மண்ணும் செடியும் நாசமானதால், அங்கே இப்போது குறிக்கப்பட்ட முகாம் பகுதிகளில் மட்டும்தான் அனுமதி. பழைய பின்கள் இன்னும் ஆங்காங்கே கிடக்கின்றன.

பின்னைப் பார்த்ததும் அடுத்துத் திறக்க வேண்டியது, காட்டின் எந்த ரோட்டில் வண்டி ஓட்டலாம் என்று காட்டும் மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப். 2005-ல் வந்த விதிப்படி காடுகள் இதை வெளியிடுகின்றன, இலவசம்தான். கருப்பு வெள்ளையில், மலையோ ஆறோ சரியாகத் தெரியாமல் இருப்பதால் பலர் திறந்த வேகத்தில் மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சில ரோடுகளின் ஓரமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக ஓடும். அந்த ரோட்டிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை, தங்குவதற்காக வண்டியை உள்ளே ஓட்டலாம் என்று அர்த்தம். எத்தனை அடி என்பது காட்டுக்குக் காடு மாறும், அதே மேப்பின் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். ஒரு அட்டவணையும் இருக்கும். எந்த ரோடு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை திறந்திருக்கும் என்பது அதில் உண்டு. மே மாதம் கொலராடோ மலைக்குப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்திருந்தால் அலைச்சல் மிச்சம். அவென்சா ஆப்பில் இந்த மேப்பை இறக்கிவைத்தால், சிக்னல் இல்லாவிட்டாலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும்.

ரோடு, நேரம், இடம்

காட்டு ரோடுகளின் எண் பலகையைக் கவனித்திருக்கிறீர்களா? எண் படுக்கைவாட்டில் இருந்தால் சாதாரணக் கார் போவதற்காகப் பராமரிக்கும் ரோடு. மெலிந்த கம்பத்தில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கினால், அது தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டிகளுக்கான ரோடு. வாடகைக்கு எடுத்த மினிவேனில் மாமனார் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு அந்த இரண்டாவது ரோட்டில் திரும்பாதீர்கள். நிறைய வாடகை ஒப்பந்தங்கள் மண் ரோட்டில் ஓட்டவே கூடாது என்கின்றன. மாட்டிக்கொண்டால் இழுவை வண்டிச் செலவு முழுக்க உங்கள் தலையில். களிமண் ரோடு காய்ந்திருக்கும்போது சொகுசாகத்தான் இருக்கும், ஒரு மழை பெய்தால் நல்ல வண்டியும் வழுக்கும்.

வேலை முடிந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி, ராத்திரி பத்து மணிக்குக் காட்டில் இடம் தேடுவதுதான் நம் ஆட்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. இருட்டில் நல்ல இடமும் தெரியாது, மோசமான இடமும் தெரியாது. மூன்று, நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள். முடியாதென்றால் முதல் ராத்திரியை வழியில் ஒரு மோட்டலில் கழித்துவிட்டுக் காலையில் போங்கள். பார்த்துவைத்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் என்ன செய்வது என்று இன்னும் இரண்டு இடங்களும் கையில் இருக்க வேண்டும்.

இடம் கிடைத்ததும் முதலில் மேலே பாருங்கள். கொலராடோவில் வண்டு அரித்துச் செத்துப்போன லாட்ஜ்போல் பைன் மரங்கள் மலை மலையாக நிற்கின்றன. காற்றே இல்லாத நாளில்கூட அவை விழும். நின்றபடியே பட்டுப்போன மரமோ, தொங்கும் கிளையோ எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே கூடாரம் வேண்டாம். அப்புறம் கீழே பாருங்கள். அரிசோனாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மணல் பரப்பிய, மெத்தென்ற சமதரை என்று ஆசைப்படும் இடம் பல நேரம் வறண்ட ஓடைதான். மழை பத்து மைல் தள்ளிப் பெய்தாலும் தண்ணீர் அங்கே வந்து சேரும்.

ஏற்கெனவே யாரோ தங்கி மண் இறுகிய இடமாகப் பார்த்துத் தங்குவதுதான் சரி. புல்லை மிதித்துப் புது இடம் உண்டாக்க வேண்டாம். ஆறு, ஏரியிலிருந்து 200 அடி, அதாவது பெரியவர்கள் நடந்தால் ஏறக்குறைய 70 எட்டு, தள்ளியிருக்க வேண்டும். தங்கும் நாளுக்கும் வரம்பு உண்டு. பொதுவாக 14 நாள்தான், கூட்டம் மொய்க்கும் இடங்களில் அதைவிடக் குறைவு.

நாம் தனியாகப் போவது குறைவு, ஆறேழு குடும்பமாகச் சேர்ந்துதான் போவோம். 75 பேரோ அதற்கு மேலோ போனால்தான் பெர்மிட் வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஒரு காட்டு முகாமில் இரண்டு மூன்று கார் நிற்கவே இடம் இருக்கும், மற்றவை செடி மேல் ஏறும். பெரிய கூட்டத்துக்கு குரூப் கேம்ப்கிரவுண்டைப் பதிவு செய்வதுதான் நல்லது. கழிப்பறையும் இருக்கும், குழந்தைகளுக்கும் வசதி.

சாப்பாடும் கரடியும்

புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய்ச் சட்னி என்று கட்டிக்கொண்டு போவதில் தப்பில்லை. பாத்திரம் கழுவும்போதுதான் கவனம் வேண்டும். மிச்சச் சோற்றையும் சாம்பாரையும் புதருக்குள் கொட்டி, "மண்ணோடு மண்ணாகப் போகும்" என்று விட்டுவிடுகிறார்கள். மண்ணாவதற்குள் கரடியோ ரக்கூனோ வந்துவிடும். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட்டுக்கொல்லும் நிலைக்குப் போகும். ஒரு சின்ன வடிகட்டி எடுத்துப்போங்கள். கழுவிய தண்ணீரை அதில் வடித்து, பருக்கையைக் குப்பைப்பையில் போட்டுவிட்டு, தண்ணீரை ஓடையிலிருந்து 200 அடி தள்ளி வீசித் தெளியுங்கள்.

கூடாரத்துக்குள் சாப்பாடு, பற்பசை, குழந்தையின் பிஸ்கட் பாக்கெட் எதுவும் இருக்கக் கூடாது. ஏறக்குறைய எல்லா இடத்திலும் பூட்டிய காரில் வைத்தால் போதும். ஆனால் சியரா நெவாடா பக்கம் கரடிகள் கார்க் கதவையே பிய்த்திருக்கின்றன, அங்கே கரடி திறக்க முடியாத டப்பா தேவை. எல்லோஸ்டோனைச் சுற்றியுள்ள காடுகள் கிரிஸ்லி கரடிகள் வாழும் இடம். அங்கே உணவை எப்படி வைக்க வேண்டும் என்று வனத்துறை உத்தரவே போட்டிருக்கிறது, மீறினால் அபராதம்.

நெருப்பு

மற்ற தவறுகளின் பலன் பெரும்பாலும் நம்மோடு போகும், இது அப்படி இல்லை. 2011 மே 29 அன்று அரிசோனாவின் பேர் வாலோ காட்டில் முகாமிட்டிருந்த இருவர், தீ அணைந்துவிட்டதா என்று பார்க்க மிட்டாய்க் காகிதம் ஒன்றை அடுப்பில் போட்டார்கள். அது உருகவில்லை. அணைந்துவிட்டது என்று நம்பி நடக்கப் போனார்கள். 5 லட்சத்து 38 ஆயிரம் ஏக்கர் எரிந்தது. அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய காட்டுத்தீ அது. 37 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கட்டும்படி நீதிமன்றம் அவர்களுக்கு உத்தரவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு அதே மாநிலத்தின் ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கத்தில் ஷுல்ட்ஸ் தீ. அதுவும் யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பில் பிடித்ததுதான். 15,000 ஏக்கர் போனது. மரமில்லாத சரிவில் அடுத்த மாதமே மழை கொட்டி, வெள்ளத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள்.

அணைக்கும் முறை இதுதான். தண்ணீர் ஊற்றுங்கள். குச்சியாலோ மண்வெட்டியாலோ சாம்பலை அடிவரை கிளறுங்கள். மறுபடி ஊற்றுங்கள். பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய், சூடில்லை என்று தெரிந்தபின் தொட்டுப் பாருங்கள். லேசாகச் சூடு தெரிந்தாலும் முதலிலிருந்து செய்யுங்கள். மண்ணைப் போட்டு மூடினால் மட்டும் அணையாது, உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டால், நெருப்பு மூட்டுகிறவர்கள் அணைப்பதற்கென்று தனியாக ஒரு கேன் வைத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகவும் வேண்டாம். மிச்சிகனில் 2002-ல் கண்டுபிடித்த, ஆஷ் மரங்களைத் துளைக்கும் எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு இப்போது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. அது தொலைதூரம் போனதில் இப்படி எடுத்துச்செல்லும் விறகுக்குப் பெரிய பங்கு உண்டு.

கோடையில் பல காடுகளில் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று தடை வரும். ஸ்டேஜ் 1 என்றாலே டிஸ்பெர்ஸ்டு இடத்தில் விறகு நெருப்பும் கரியும் கூடாது. கேம்ப்கிரவுண்டில் வனத்துறை அமைத்த அடுப்பில் மட்டும்தான் அனுமதி. திருகி நிறுத்தக்கூடிய கேஸ் ஸ்டவ்வை பொதுவாக அனுமதிக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் அந்த ஸ்டவ்வுக்கும் கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் இலவசமாகவே கிடைக்கும்.

கழிப்பறை விஷயத்தையும் இங்கேதான் சொல்ல வேண்டும். தண்ணீரிலிருந்தும் முகாமிலிருந்தும் 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழம் குழி தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும். டிஷ்யூவை ஜிப் பையில் போட்டுத் திருப்பி எடுத்துவாருங்கள், எரிக்காதீர்கள். 2022 ஜூனில், ஷுல்ட்ஸ் தீ எரிந்த அதே மலைப்பக்கத்தில் தங்கியிருந்த ஒருவர், தான் பயன்படுத்திய டாய்லெட் பேப்பரைக் கொளுத்திக் கல்லுக்கு அடியில் வைத்ததாக அதிகாரிகளிடம் சொன்னார். மறுநாள் கிளம்பிய பைப்லைன் தீ 26,000 ஏக்கருக்கு மேல் எரித்தது.

தடை நிலை ஒரே வாரத்தில் மாறிவிடும். அதனால் போகும் காட்டின் ரேஞ்சர் ஆபீஸுக்கு வியாழக்கிழமை ஒரு போன் போடுங்கள். பல ஆபீஸ்கள் சனி, ஞாயிறு மூடியிருக்கும். இந்த ரோடு இப்போது திறந்திருக்கிறதா, என் வண்டி போகுமா, நெருப்புத் தடை எந்த நிலையில் இருக்கிறது, உணவு வைக்கத் தனி உத்தரவு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் கேட்காத ஒரு நல்ல இடத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.